அணில் மேல் ஒரு வழக்கு

களவு போனதும் கண்ணில் பட்டவரைப் பிடித்துப் போடுவது போலீஸுக்கு மட்டும் உள்ள பழக்கமல்ல. கோழி வளர்க்கும் வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. மாலையில் எண்ணி அடைத்த குஞ்சுகளில் காலையில் இரண்டு குறைகின்றன. தீவனத் தட்டைச் சுற்றிப் பகலெல்லாம் வளையவந்த அணில்தான் முதல் சந்தேகத்துக்கு ஆளாகிறது. கூரை மேல் ஒரு கல் பறக்கிறது. இரண்டு நாள் கழித்து இன்னொரு குஞ்சு குறைகிறது.

இந்த வழக்கில் அணிலுக்குச் சாதகமாக ஓர் உறுதியான வாதம் உண்டு: குற்றம் நடந்த நேரத்தில் அது அங்கே இல்லை. அணில் பகல் பிராணி. பொழுது சாய்ந்தால் பொந்துக்கோ நாரும் பஞ்சும் வைத்துக் கட்டிய கூட்டுக்கோ போய்விடும். நூறு கிராமுக்குச் சற்று முன்பின் எடையுள்ள அந்தப் பிராணி, இரவில் இறங்கி வந்து, வளர்ந்த குஞ்சைக் கவ்விக்கொண்டு போயிற்று என்பது நம்பக்கூடிய கதையல்ல.

அதற்காக அணில் அப்பாவி என்றும் சொல்லிவிட முடியாது. தீவனத்தைத் தின்கிறது. தின்றதைவிட அதிகம் சிதறுகிறது. கூட்டில் விரித்த நாரையும் சாக்கு நூலையும் தன் கூட்டுக்கு இழுத்துப் போகிறது. சின்னப் பறவைகளின் கூடுகளில் புகுந்து முட்டையைச் சுவைத்துப் பார்க்கும் பழக்கமும் அதற்கு உண்டு. வெடிப்புவிட்ட கோழி முட்டை கிடைத்தால் அதையும் விடாது. ஆனால் இவையெல்லாம் சில்லறைத் திருட்டுகள். கொலை வழக்கில் அதைச் சேர்ப்பதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உண்மையான கொலையாளி நிம்மதியாக நடமாடுவான்.

(ராமர் தடவிக் கொடுத்ததால் அணிலின் முதுகில் மூன்று கோடுகள் வந்தன என்ற கதை நாடெங்கும் சொல்லப்படுகிறது. தென்னாட்டு அணிலுக்கு மூன்று கோடுகள்தான். வடநாட்டில் பரவலாகக் காணப்படும் அணிலுக்கோ ஐந்து. அங்கே கதை சொல்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை போலும்.)

இழப்பு சிறியதுதானே என்று தோன்றலாம். 2019-ல் எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள கோழியினப் பறவைகள் 85 கோடிக்குச் சற்று மேல். அவற்றில் 31.7 கோடி, வீட்டுப் புறக்கடைகளில் வளர்பவை. 2012 கணக்கெடுப்புக்கும் இதற்கும் இடைப்பட்ட காலத்தில் பெரும் பண்ணைகளின் பறவைகள் 4.5 சதவீதம்தான் பெருகின. புறக்கடைப் பறவைகளோ 45 சதவீதத்துக்கு மேல் பெருகிவிட்டன. பெரும்பாலான வீடுகளில் இவற்றைப் பார்த்துக்கொள்வது பெண்கள். முட்டை விற்ற காசு குடும்பக் கணக்கில் எழுதப்படாத காசு. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், திடீர்க் காய்ச்சலுக்கு மாத்திரை, பஸ் கட்டணம் எல்லாம் யாரையும் கேட்காமல் அதிலிருந்தே போகின்றன. பத்துக் குஞ்சில் நான்கு போய்விட்டால் அந்தப் பருவத்தின் லாபம் மொத்தமும் போயிற்று என்று அர்த்தம்.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். நாட்டுக் கோழி தானே அடை காத்து, தானே பொரித்து, குஞ்சுகளை இறக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளும். ஹைதராபாத் ராஜேந்திரநகரில் உள்ள கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வனராஜா, கிராமப்ரியா போன்ற மேம்படுத்தப்பட்ட ரகங்கள் அதிக முட்டையிடுபவை, ஆனால் அடை காப்பதில் ஆர்வம் காட்டாதவை. அவற்றின் குஞ்சுகள் குஞ்சுபொரிப்பகத்திலிருந்து பெட்டியில் வருகின்றன. அரசுத் திட்டங்களில் இவற்றைத் தாய்ப் பண்ணைகளில் நான்கு வாரம் வரை வளர்த்த பிறகே வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு நாள் குஞ்சுகளைச் சந்தையில் வாங்கி வந்து மின்விளக்கின் சூட்டில் வளர்ப்பவர்களும் ஏராளம். பெட்டிக்கு மேலே விளக்கு உண்டு, சூடு உண்டு, தாய் இல்லை. முதல் ஐந்தாறு வாரங்கள் அந்தக் குஞ்சுகளைக் காப்பாற்ற வேண்டியது பெட்டிதான்.

தாய்க் கோழி இருந்தாலும் இரவில் அதன் வீரம் செல்லாது. பகலில் பருந்தையும் பூனையையும் எதிர்த்துப் பாயும் கோழிக்கு இருட்டினால் ஏறக்குறையப் பார்வையே கிடையாது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் அணுக்கள் அதன் விழித்திரையில் குறைவு. அதனால்தான் பொழுது சாயும்போதே தானாகக் கூட்டுக்குள் போகிறது, போன இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. எலி வெளியே புறப்படுவது சரியாக அந்த நேரத்தில். பகலில் அதே கோழி சுண்டெலியைக் கண்டால் கொத்திக் கொன்று தின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

எலி என்று ஒரே பெயரில் அழைத்தாலும் வருபவர்கள் வேறு வேறு ஆட்கள். வீட்டெலி ஏறுவதில் சூரன். கூரை, மின்கம்பி, மரக்கிளை எல்லாம் அதற்குப் பாதை. சுண்டெலி சிறியது, குஞ்சுக்கு ஆபத்தில்லை, ஆனால் தீவனத்தை அசுத்தப்படுத்தும். பெருச்சாளி தரையைத் தோண்டி வருவது. நன்கு வளர்ந்தது ஒரு கிலோவைத் தொடும். சில பூனைகள் அதைப் பார்த்ததும் வேறு வேலை இருப்பதுபோல் நடந்துவிடுவதில் ஆச்சரியமில்லை. வயல் வரப்புகளில் வளை தோண்டும் அதன் சின்னத் தம்பியும் அறுவடைக்குப் பின் வீட்டுப் பக்கம் குடியேறும். தெலுங்கில் பெருச்சாளிக்குப் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி, என்று பெயர். ஆங்கிலேயர் அதைத்தான் பாண்டிகூட் ஆக்கினார்கள். பிறகு அந்தப் பெயரை ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோய், எலிக்குச் சம்பந்தமே இல்லாத, வயிற்றில் பையுள்ள ஒரு பிராணிக்குச் சூட்டிவிட்டார்கள். கீச்சிட்டுக்கொண்டு சுவரோரமாக ஓடும் மூஞ்சூறு இந்தக் கூட்டத்தில் சேராது. அது எலி இனமே அல்ல. பெரும்பாலும் பூச்சிகளைத் தின்று பிழைப்பது.

யார் வந்து போனது என்று கண்டுபிடிப்பது ஓரளவுக்குச் சாத்தியம். குஞ்சின் உடல் கூட்டின் மூலையிலோ வளையின் வாயிலோ பாதி இழுக்கப்பட்டுக் கிடந்தால், பக்கத்தில் புது மண் குவிந்திருந்தால், அது எலி. முட்டை சுவடே இல்லாமல் மறைந்தால் பாம்பைச் சந்தேகிக்கலாம். அது ஓட்டோடு விழுங்கிவிடும். எலி தின்ற முட்டையில் ஓட்டின் விளிம்பு கடித்துக் கடித்துச் சிதைந்திருக்கும். இறகு நாலா பக்கமும் பறந்து கிடந்தால் பூனை, நாய் அல்லது கீரி. பட்டப்பகலில் போனால் காகம், பருந்து. சாம்பலையோ கோலமாவையோ கூட்டைச் சுற்றி மெல்லியதாகத் தூவி வைத்தால் காலையில் கால்தடம் சாட்சி சொல்லும்.

எலி கோழியைத் தேடி வருவதில்லை, தீவனத்தைத் தேடியே வருகிறது. இது பெரும்பாலோர் கவனிக்காத செய்தி. குஞ்சு அதற்கு வழியில் கிடைத்த இனாம். முட்டையிடும் கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் தேவை. கால் கிலோ எடையுள்ள எலி தன் எடையில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 25 கிராமை, ஒரு நாளில் தின்னும். நான்கு எலிகள் வந்து போகும் வீட்டில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோழிக்கும் சேர்த்துத் தீவனம் வாங்குகிறார்கள் என்று பொருள். மாதம் மூன்று கிலோ. அந்தக் கோழி முட்டை மட்டும் இடாது. புழுக்கையும் மூத்திரமும் பட்டுக் கெட்டுப்போகும் தீவனம் இந்தக் கணக்கில் சேரவில்லை. முட்டையில் குஞ்சு பொரிய 21 நாள் ஆகிறது. எலி குட்டி போடவும் ஏறக்குறைய அதே மூன்று வாரம்தான். ஆனால் கோழி ஆண்டில் இரண்டு மூன்று தடவை அடை உட்காரும். எலிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இழந்த கோபத்தில் பலர் உடனே ஓடுவது விஷம் வாங்க. பெட்டிக் கடையில் பல்பொடி போலக் கிடைக்கிறது. கோழி வளர்க்கும் வீட்டில் இதைவிட அபாயமான முடிவு வேறில்லை. துத்தநாகப் பாஸ்பைடு வயிற்றின் அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாகிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. கோழியினப் பறவைகளுக்கு இது கொடிய விஷம். இன்னொரு வகையான புரோமடயலோன், ரத்தத்தை உறையவிடாமல் செய்து நாலைந்து நாளில் கொல்வது. கேக்குத் துண்டுகளாக விற்கப்படும் இதை எலி வைத்த இடத்திலேயே தின்னும் என்பது நிச்சயமில்லை. பெருச்சாளி இனங்களுக்கு உணவை வளைக்குத் தூக்கிப்போய்ச் சேமிக்கும் பழக்கம் உண்டு. வழியில் உதிரும் துண்டு விடிந்ததும் கோழியின் அலகில் படுகிறது, அல்லது தவழும் குழந்தையின் கையில். விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் பூனையும் ஆந்தையும் அதே வழியில் போகின்றன. விஷம் தற்செயலாகக் குழந்தையின் வாயில் பட்டுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், விஷத்தின் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எந்த விஷம் என்பதைப் பொறுத்தே சிகிச்சை. புரோமடயலோனுக்கு வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழி இருக்கிறது.

விஷத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. எலி எதையும் முதலில் கொஞ்சம் கடித்துப் பார்க்கும். அதனால் உடம்புக்கு முடியாமல் போய்ப் பிழைத்துக்கொண்டால் அந்த இரையை மறுபடி தொடாது. இந்த நுணுக்கங்களை ஆராய்ந்த நாடு தழுவிய எலிக் கட்டுப்பாட்டுத் திட்டம் பல ஆண்டுகள் ராஜஸ்தானில் ஜோத்பூரின் வறண்ட நில ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் ஒருங்கிணைக்கப்பட்டது. அதே ராஜஸ்தானில், பிகானேருக்கு அருகில் தேஷ்நோக்கில் உள்ள கர்ணி மாதா கோயிலில் ஆயிரக்கணக்கான எலிகளுக்குப் பாலும் இனிப்பும் படைக்கிறார்கள். இந்தியாவில் எலிப் பிரச்னை ஏன் தீரவில்லை என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமாக விளக்கம் சொல்ல முடியாது.

எலியால் வரும் நஷ்டம் கோழியோடு நிற்பதும் இல்லை. அதன் மூத்திரத்தின் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்குக் கேரளத்தில் எலிப்பனி என்றே பெயர். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு அங்கே அது வேகமாகப் பரவி, தடுப்பு மாத்திரைகளை வீடு வீடாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஈரத் தரையிலும் தேங்கிய தண்ணீரிலும் கிருமி உயிரோடு இருக்கும். காலில் உள்ள சின்ன வெடிப்பு அதற்குப் போதுமான வாசல். தினமும் கோழிக்கூட்டை வெறுங்காலோடு, வெறுங்கையோடு கூட்டிக் கழுவுபவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முட்டைக் காசை யாருடைய பெயரில் எழுதுவதில்லையோ அவர்தான். ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் கையுறையும் கோழி மருந்தைவிட முக்கியம்.

கொல்வதற்கு முன் அடைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். கடையில் கோழி வலை என்று கேட்டால் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கம்பி வலையைக் கொடுப்பார்கள். அது கோழியை உள்ளே வைக்க உதவும், எலியை வெளியே வைக்க உதவாது. சுண்டெலி நுழைய ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும், ஒரு பென்சிலின் கனம். எலிக்கு அதைப்போல் இரு மடங்கு. நுழைய முடியாவிட்டாலும் வலைக் கண் வழியாகக் குஞ்சின் காலைப் பிடித்து இழுத்துவிடும். வேண்டியது வெல்ட் மெஷ் எனப்படும் பற்றவைத்த கம்பி வலை. அரை அங்குலக் கண் பெரிய எலியைத் தடுக்கும், கால் அங்குலம் சுண்டெலியையும் தடுக்கும். விலை அதிகம்தான். கூடு முழுவதற்கும் வாங்க முடியாதவர்கள் தரையையும் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தையும் காற்றுப் போகும் திறப்புகளையும் மட்டும் அதனால் மூடினால் பெரும் பகுதி ஆபத்து நீங்கும். மண் தரையானால் வலையைச் சுவரோடு நிறுத்திவிடாமல் வெளிப்புறமாக ஒரு அடி மடக்கிப் புதைக்க வேண்டும். எலி சுவரை ஒட்டித்தான் தோண்டும். மடங்கிய வலையில் பல் பட்டதும், ஒரு அடி பின்வாங்கித் தோண்டிப் பார்க்கும் யோசனை அதற்கு எளிதில் வராது. பழைய வளைகளை வெறும் மண்ணால் அடைப்பது வீண். கண்ணாடிச் சில்லைக் கலந்த சிமென்ட்டால் அடைக்க வேண்டும்.

இதைவிடப் பழைய, இதைவிட மலிவான உத்தி ஒன்று அருணாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. சியாங் ஆற்றுப் பக்கத்து மலைகளில் வாழும் ஆதி இன மக்கள் தங்கள் நெல்லை வீட்டில் வைப்பதில்லை. ஊருக்கு ஓரமாக, மரத் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய குதிர்களில் வைக்கிறார்கள். தள்ளி வைப்பது தீக்குப் பயந்து. தூண்களின் தலையில், குதிரின் தளத்துக்குக் கீழே, அகன்ற வட்டமான மரத் தட்டுகளைச் செருகியிருப்பார்கள். அது எலிக்குப் பயந்து. தூணில் ஏறிவரும் எலி தட்டின் அடிப்புறத்தை எட்டியதும் தலைகீழாக நடக்க முடியாமல் திரும்பிவிடும். பூட்டும் இல்லை, விஷமும் இல்லை. நெல்லுக்குச் செய்த அந்த மரியாதையைச் சமவெளியில் யாரும் கோழிக்குச் செய்யவில்லை. தெலுங்கு நாட்டுக் கோள்ளகம்பவும் நம் பஞ்சாரமும் தரையோடு கவிழ்ப்பவை. பகலில் பருந்துக்கு அது சரி. இரவில் அடியில் தோண்டி வருபவனுக்கு மூங்கில் கூடை ஒரு தடையே அல்ல.

மூன்று அடி உயரக் கால்களில் நிற்கும் சின்ன மரக்கூடு, ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த புனல்போலத் தகரம். இதற்குத் தச்சர்கூட வேண்டியதில்லை. ஆனால் கூடு சுவரைத் தொடக்கூடாது. ஏணிப் பலகையை இரவில் எடுத்துவிட வேண்டும். மேலே தொங்கும் கிளையை மூன்று நான்கு அடிக்கு அப்பால் வெட்டிவிட வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை மறந்தாலும் தகரம் வெறும் அலங்காரம். சுற்றிலும் அடுக்கிய விறகு, செங்கல், வைக்கோல் எல்லாம் எலிக்குக் கட்டிக் கொடுத்த காலனி. திறந்த வெளியில் ஓட எலிக்குப் பயம். அதனால் கூட்டைச் சுற்றி ஐந்தடி வெறுந்தரையாக இருந்தாலே தயங்கும்.

தீவன விஷயத்தில் கொஞ்சம் கருமித்தனம் நல்லது. அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் காலையிலும் மாலையிலும் வைத்து, மிச்சத்தையும் தட்டையும் இரவில் எடுத்துவிட வேண்டும். தண்ணீரையும் கவிழ்த்துவிடலாம், இருட்டில் கோழி குடிப்பதில்லை. மூட்டையைச் சாக்கோடு வைத்தால் எலிக்கு விருந்து. பிளாஸ்டிக் டிரம்மையும் கடித்துவிடும். வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்களைத் தேய்க்க அதற்கு ஏதாவது வேண்டும். இறுக்கமான மூடியுள்ள தகர டின்தான் சரி. முட்டையை இரண்டு வேளை எடுப்பது எலி, காகம், அணில் மூன்றுக்கும் சேர்த்து மருந்து.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் நாலைந்து எலிகளுக்குப் பொறி வைக்கலாம். புதுப் பொருளைக் கண்டால் எலி சில நாள் ஒதுங்கிப் போகும். பொறி வாங்கிய அன்றே எலி விழவில்லை என்று பரணில் போடுபவர்கள் இதை அறியாதவர்கள். மூன்று நாள் விசையைக் கட்டாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கி, நான்காம் நாள் விசையைக் கட்ட வேண்டும். சுவரை ஒட்டி, கோழிக்கால் படாத இடத்தில், மேலே ஒரு பலகைச் சாய்ப்போடு. பகலில் விசையைத் தளர்த்திவிட்டால் அணில் தப்பும். ஒட்டும் பசை அட்டை வேண்டவே வேண்டாம். எலியைவிட அதிகமாக அணிலும் பல்லியும் சிட்டுக்குருவியும் ஒட்டிக்கொண்டு, உரித்தெடுக்க முடியாமல், மணிக்கணக்கில் துடித்துச் சாகின்றன. விலங்குகள் நல வாரியம் இதற்கு எதிராக அறிவுறுத்தியிருக்கிறது. பல மாநில அரசுகளும் தடை செய்து சுற்றறிக்கை அனுப்பியிருக்கின்றன. கடைகளுக்கு மட்டும் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

பூனை வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் பூனைக்கும் குஞ்சு பிடிக்கும் என்பதை யோசிப்பது நல்லது. எதிர்பார்ப்பில்லாமல் வேலை செய்வது கூகை. வெண்ணிற முகமுள்ள அந்த ஆந்தையின் சாப்பாடு பெரும்பாலும் எலிதான். வங்காளத்தில் அதை லட்சுமியின் வாகனம் என்று வீட்டுக்கு வந்தால் மகிழ்கிறார்கள். மற்றப் பல இடங்களில் அபசகுனம் என்று கல்லெறிகிறார்கள். கல் எறியாவிட்டாலும் புறக்கடையில் வைத்த விஷம் அதே வேலையைச் செய்துவிடுகிறது.

தகரத்துக்குப் பதினைந்து லிட்டர் எண்ணெய் டின் போதும். விரித்து வெட்டினால் நான்கு கால்களுக்கும் வரும். விளிம்பை உள்பக்கமாக மடக்கித் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கீழே படுத்திருக்கும் கோழியின் கொண்டையைக் கிழிக்கும். புனலின் அகன்ற வாய் தரையைப் பார்த்திருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும், எலியும் அதில் கால் ஊன்றி ஏறிவிடும்.